சிங்கப்பூரில் ஒரு நல்ல கட்டி

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர்களெல்லாம் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு டேப்ரெக்கார்டர் வேண்டும், ஒருவருக்கு நைலான் சேலை, அத்தைக்குத் தலைவலித் தைலம் ஒரு டஜன். எதற்காகப் போகிறாய் என்று கேட்டவர் பெரியப்பா ஒருவர்தான். புற்றுநோய்க் கட்டிகளில் கொலாஜன் மரபணு என்ன செய்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கிளம்புற நேரத்துல அந்தப் பேரை ஏம்மா சொல்ற? கட்டின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். கேட்டவர் அவர், அபசகுனம் நான்.

பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று அன்றிலிருந்து நானும் கட்டி என்றே சொல்லி வந்தேன். தமிழில் கட்டி என்றால் எத்தனை அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

கொலாஜன் என்னவென்று தெரியாதவர்கள் ஆட்டுக்கால் சூப்பை ஆறவிட்டுத் தொட்டுப் பார்க்கலாம். விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது கொதித்துக் கரைந்த கொலாஜன். நம் தோலும் எலும்பும் சிதறாமல் நிற்பது அதன் தயவால். நான் வேலை பார்த்த சென்னை ஆய்வுக்கூடத்தில் மாட்டுத்தோலை வைத்து அதை ஆராய்ந்தோம். பிறகு யாருக்கோ சில புற்றுநோய்க் கட்டிகளிலும் இதே சரக்கு மூட்டை மூட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. அதனால்தான் அவை கல்லாக இறுகிக் கிடக்கின்றன. அந்தக் கொலாஜனைச் செய்வது புற்றுச் செல்லா, அதைச் சுற்றியுள்ள நல்ல செல்லா? உடம்பின் எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் உண்டு. சில பேசும், சில வாயை மூடிக்கொண்டிருக்கும். எது பேசுகிறது என்று கண்ணால் பார்க்கும் வித்தை அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. எண்பதுகளின் நடுவில், அதைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள்.

தங்கியது ஊரின் கிழக்குக் கோடியில், பிடோக்கில், என்னோடு வேலை பார்ப்பவரின் சித்தப்பா வீட்டில். சவரிமுத்து அண்ணன் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சின் வாலில் அந்த ஊர் ‘லா’ ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மகன் ராணுவச் சேவைக்குப் போயிருந்ததால் அவன் அறை எனக்கு. வீடு ஏழாவது மாடியில். லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். துப்பினால் அபராதம், குப்பை போட்டால் அபராதம் என்று எல்லாவற்றையும் யோசித்த அரசாங்கம் ஏழாவது மாடிக்காரர்களை மட்டும் மறந்துவிட்டது. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவதா, ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்குவதா என்பது அந்த வீட்டில் அண்ணனும் அக்காவும் கல்யாணமான நாளிலிருந்து விட்டுக்கொடுக்காத விவாதம். அண்ணன் ஐந்து, அக்கா ஒன்பது. சேர்ந்து கிளம்பினாலும் சேர்ந்து வீடு திரும்பியதில்லை.

ஆய்வுக்கூடம் ஊரின் மறுகோடியில், கிளமெண்டி தாண்டி. ரயில் அப்போது வரவில்லை, வரப்போகிறது என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் நாள் பஸ்ஸில் குளிர்ச்சியும் சுத்தமும் பார்த்து அசந்து, அசந்தபடியே தூங்கி, கடைசி நிறுத்தத்தில் கண் விழித்தேன். டிரைவர் சீனக் கிழவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சென்னையில் என்றால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். அவரோ எதிர்ப்பக்க நிறுத்தத்தைக் கையால் காட்டினார். இவ்வளவு மரியாதையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் லிம். என் வயதுதான் இருக்கும், ஒல்லி, நடக்கமாட்டார், ஓடுவார். நூடுல்ஸை நின்றபடியே தின்று முடித்துவிட்டு, என் தயிர்சாதத்தைப் பார்த்து இது உணவா மருந்தா என்று கேட்டார். வேலை எளிதுதான் என்றார். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி உடனே பனியில் வர வேண்டும். அதை மெல்லிசாகச் சீவி, கொலாஜன் மரபணு பேசினால் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கச் சரக்கை அதன்மேல் ஊற்றி, இருட்டில் வைக்க வேண்டும். எந்தச் செல் பேசியதோ அதன்மேல் கறுப்புப் புள்ளி விழும். எல்லாம் தயாராக இருந்தது. கட்டி மட்டும் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் கோயிலுக்குப் போகலாம் என்றார் அக்கா. விருந்தாளிக்காகச் சிராங்கூன் ரோடு காளியம்மனிடம் அழைத்துப் போகிறார்கள், என்ன பெரிய மனசு என்று நெகிழ்ந்து, தலைக்குக் குளித்து, பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு நின்றேன். போய் இறங்கியது மாதா கோயிலில். அவர்களுக்கு அதுதான் கோயில். சாமியார் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்து, நலமா என்று கேட்டார்.

தமிழ்ப் பூசை முடிந்ததும் அண்ணன் என்னை வாசலில் நிறுத்தி, மெட்ராஸ் டாக்டர், கட்டிக்கு ஆராய்ச்சி பண்ண வந்திருக்காங்க என்று ஊருக்கு அறிமுகம் செய்தார். பெரியப்பாவின் சொல் பலித்தது. சட்டைக் காலரை இறக்கி ஒருவர் பிடரியில் பழுத்திருந்ததைக் காட்டினார். இன்னொருவருக்குக் கண்கட்டி. ஓர் அம்மாள் பேரக் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து வேனல்கட்டியைக் காட்டினார். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது புற்றுநோய் என்று விளக்க, திருநாள் உடுப்பில் நிற்கும் மனிதர்கள் நடுவே வாய் வரவில்லை. கடைசியில் எல்லாருக்கும் ஒரே மருந்தாக, சூடாக ஒத்தடம் கொடுங்கள், பழுத்து உடைந்தால் சரியாகிவிடும் என்றேன். கொலாஜனில் முனைவர் பட்டம் வாங்கியவள் முதன்முதலாக மக்களுக்குப் பயன்பட்ட நாள் அது.

அங்கிருந்து தேக்காச் சந்தைக்குப் போனோம். புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அரசாங்கம் சீனப் பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் தமிழனுக்கும் புரியாது, சீனனுக்கும் புரியாது. தேக்கா என்றால் டாக்ஸி நேரே வந்து நிற்கும். சிராங்கூன் ரோட்டில் மல்லிகைப்பூ, மல்லித்தழை, டீசல் எல்லாம் ஒரே மூக்கில் ஏறியபோது, விமானம் எதற்கு, மவுண்ட் ரோட்டில் இறங்கி நடந்திருக்கலாமே என்று தோன்றியது. வாழையிலையில் மீன்தலைக் கறி வைத்தார்கள். மீன் என்னையே முறைத்தது. எனக்குச் சோறும் ரசமும் போதுமென்றதும் கடைக்காரர் வருத்தப்பட்டு, "அப்ப தலையைக் கட்டிக் குடுத்துடவா?" என்றார். நான் திடுக்கிட்டேன். பார்சலாகக் கட்டித் தரட்டுமா என்று கேட்கிறார் என அக்கா விளக்கினார். அந்த ஊரில் எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டி, ஆய்வுக்கூடத்தில் தவிர.

ஒரு வழியாக ஊர் நடுவிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டி இருப்பதாகத் தகவல் வந்தது. டாக்டர் லிம் என்னை அனுப்பினார். பனிப்பெட்டியை மடியில் வைத்து டாக்ஸியில் ஏறினேன். பெட்டியிலிருந்து நீர் கசிவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், இறாலா என்று கேட்டார். இல்லை என்றேன். மீனா, என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டார். பேச்சை முடிக்க ஆமாம் என்றேன். அவர் மனிதாபிமானி. மீன் கெடக் கூடாதே என்று குறுக்கு வழி எடுத்தார். குறுக்கு வழியை ரயில்காரர்கள் முந்தின நாள்தான் தோண்டியிருந்தார்கள். கிரேனுக்கும் லாரிக்கும் நடுவில் நின்று, நின்று, போய்ச் சேர்ந்தபோது பனியில்லை, பெட்டியில் தண்ணீர். மரபணு பேசியதா இல்லையா என்று சொல்லும் சரக்கு சூட்டில் உருத்தெரியாமல் சிதைந்துவிடும். யாரோ ஒருத்தியின் உடம்பிலிருந்து அறுத்தது வீணாகிப் போனது. டாக்டர் லிம் திட்டாமல், தொட்டியில் கொட்டிவிட்டுக் கை கழுவச் சொன்னார். அந்த ஊரில் யாருமே திட்டாதது எனக்கு ஒரு தண்டனையாகவே ஆகிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆட்டுக்கால் சூப். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, மூன்று வாரத்தில் ஒரு நல்ல கட்டிகூடக் கிடைக்கவில்லை, வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று புலம்பினேன். அக்காவுக்குப் பாவமாகிவிட்டது.

"கவலைப்படாதே சுகந்தி. நம்ம மாதாகிட்ட நான் வேண்டிக்கிறேன்லா. உனக்கு ஒரு நல்ல கட்டியா சீக்கிரம் கிடைக்கட்டும்."

அண்ணனுக்கு விஞ்ஞானச் சந்தேகம் வந்தது. நல்ல கட்டி என்றால் நன்றாகப் பழுத்ததா என்று கேட்டார். பழுப்பதே இல்லை என்றேன். உற்சாகமாகிவிட்டேன், என்னுடைய பாடமல்லவா. கல்லு மாதிரி இருக்கும், தள்ளினால் நகராது, முக்கியமாக வலிக்கவே வலிக்காது, வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் என்று விரலால் மேஜையைத் தட்டிக் காட்டினேன். பேரை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. சாப்பிடும் இடத்தில் சொல்லக் கூடாதே. அக்கா சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. அந்த வீட்டில் தண்ணீரை வீணாக்கினால் அக்காதான் முதலில் சத்தம் போடுவார்.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணனுக்கு வேலை நாள். அக்கா சமையலறையில் கெளுத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று கத்தியை வைத்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். என் கையைப் பிடித்து, ரவிக்கைக்கு மேலாகத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தார்.

எத்தனையோ கட்டிகளை நான் தொட்டிருக்கிறேன். எல்லாம் பனியில் விறைத்தவை, பேர் இல்லாதவை, கையுறைக்கு அந்தப்புறம் இருந்தவை. இது கதகதப்பாக இருந்தது. உள்ளே இதயம் அடித்தது. விரல் அழுத்தியபோது அது நகரவில்லை. என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் ஒப்புக்கொள்ள நேரமாயிற்று.

"போன கிறிஸ்துமஸ்லேர்ந்து இருக்கு. வலியே இல்ல. அதான் நான் பாட்டுக்கு இருந்துட்டேன். இது என்ன கட்டி சுகந்தி? பேரைச் சொல்லு."

கோயில் பெண்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியுமாம். வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை, மஞ்சள் பத்துப் போடு, அவரிடம் சொல்லிப் பயமுறுத்தாதே என்றார்களாம். நல்லவர்கள். பிடரியில் பழுத்ததைக் கோயில் வாசலில் காட்டுகிற ஊர், இதை எட்டு மாதம் ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்திருந்தது. அவர்களைச் சொல்வானேன், கட்டி டாக்டர் என்று வீட்டுக்குள் வந்து மூன்று வாரம் உட்கார்ந்து சோறு தின்றவள், அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அக்கா முதல் நாளே கேட்டிருப்பார்.

"கேன்சரா இருக்கலாம்க்கா," என்றேன். "திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் வேளாங்கண்ணி மாதா திருநாள், கோயிலில் பிரியாணி தன் பொறுப்பு, அது முடிந்ததும் போகலாம் என்றார். பிரியாணி யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்று சொல்லிவிட்டேன். கேன்சர் என்றபோது வராத கோபம் அப்போது வந்தது. யார் செய்வார்கள், பேரைச் சொல் என்று சண்டைக்கு நின்றார். சண்டையின் நடுவில் அழுதார். நானும் அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணனிடம் அக்காவே சொன்னார். சாயங்காலம் அவர் ஐந்தாம் மாடியில் இறங்கி ஏறி வரும்போது, அக்கா ஆறாம் மாடிப் படிக்கட்டு வரை போய் நின்று சொன்னார். இருவரும் ஒன்றாக வீட்டுக்குள் வந்ததை அன்றுதான் பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தார்.

"டாக்டர், சூடா ஒத்தடம் குடுத்தா பழுத்து உடைஞ்சிடும்னு நீங்கதானே கோயில்ல சொன்னீங்க?"

அது வேறு கட்டி அண்ணே என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

சிங்கப்பூரைப் பற்றி எத்தனை கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை போனார்கள், அந்த வாரமே ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குள் சீட்டு எழுதுகிறவர் டீ குடித்துவிட்டு வந்திருப்பார். திருநாளுக்குப் பிரியாணியை வேறு யாரோ செய்தார்கள். குழைந்துபோய்விட்டது என்று வீட்டுக்கு வந்த கோயில் பெண்கள் சொன்னார்கள். அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது.

அறுவை சிகிச்சை நாளன்று நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவதாக நானும் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று வேலைக்கு வந்துவிட்டேன். மதியம் டாக்டர் லிம் பனிப்பெட்டியோடு ஓடி வந்தார். நீ கேட்ட மாதிரியே நல்ல கட்டி என்றார். பேர் இல்லை, ஓர் எண் மட்டும். மூடியில் எழுதியிருந்தது அக்கா இருந்த ஆஸ்பத்திரியின் பெயர். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் பனி கரைந்தால் இதுவும் வீணாகும். கத்தி வைத்தபோது கொய்யாக்காயை நறுக்குவதுபோல் கறகறவென்றது. சீவி, கண்ணாடித் துண்டுகளில் ஏற்றி, சரக்கை ஊற்றி, இருட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன். திரும்பியதும் டாக்டர் லிம் தன் நூடுல்ஸில் பாதியை என் பக்கம் தள்ளினார். நின்றபடியே தின்றேன்.

ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்பு அந்தக் கண்ணாடிகளைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தோம். கறுப்புப் புள்ளிகள் மழை மாதிரி விழுந்திருந்தன. ஆனால் புற்றுச் செல்களின்மேல் அநேகமாக ஒன்றுமில்லை, அவை வாயே திறக்கவில்லை. புள்ளி முழுக்கச் சுற்றியிருந்த நல்ல செல்களின்மேல். நோயைச் சுற்றிக் கல்லாகக் கட்டி வைத்தது அக்கம்பக்கத்து நல்லவர்கள்தான். டாக்டர் லிம் கைதட்டினார், இதை வைத்துக் கட்டுரை எழுதலாம் என்றார். எனக்கு மஞ்சள் பத்து வாசனை வந்தது.

கிளம்பும் நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா சாய்ந்திருந்தார், இடப்பக்கம் கட்டு. அக்குள் வரை பரவியிருந்ததால் தொடர்ந்து மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று அண்ணன் வாசலிலேயே சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் அவர் கட்டி என்பதில்லை, கேன்சர் என்றே சொன்னார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அக்கா என் பெட்டியின் எடையை விசாரித்தார். அத்தைக்குத் தைலம் வாங்கியாயிற்றா என்று கேட்டார். பிறகு அண்ணனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டாங்க, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு. எங்க வீட்டுப் பிள்ளைதான் அங்க இருக்கு, எடுத்துக்குங்கன்னு சொன்னேன். வந்துச்சா?"

தலையாட்டினேன்.

"நல்ல கட்டியா?"

ஆறு வாரமாக எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருந்தவள் நான். அன்று உள்ளதையே சொன்னேன்.

"இல்லைக்கா. கெட்ட கட்டி. அதான் வெட்டி எடுத்துட்டாங்க."

அக்கா சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு மெதுவாகச் சிரித்தார்.

"மாதாகிட்ட நான்தான் சரியா சொல்லலைலா. யாருகிட்டேர்ந்துன்னு சொல்லாம விட்டுட்டேன்."